போட்டித் தளத்தோடு ஒப்பிடும்போது எதை அளப்பது?

ஒரே வேலையை ஒரே மாதிரியான ஆட்களிடம் கொடுத்து, வெவ்வேறு இணையதளங்களில் செய்யச் சொல்லி அளந்து பார்ப்பதே பயன்பாட்டு எளிமை ஒப்பீடு. எதை அளப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலை (1998, திருத்தப் பதிப்பு 2018) வழிகாட்டுகிறது. எடுத்த வேலையைச் சரியாக முடிக்க முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் பிடித்தது, முடித்தவருக்குத் திருப்தி உண்டா என்ற மூன்றும் அதில் அடக்கம். யார், எதற்காக, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார் என்று குறிப்பிடாமல் ‘எளிமையான தளம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல அங்கே இடமில்லை. எந்தத் தளத்தில் என்னென்ன வசதிகள் என்று டிக் அடிக்கும் அட்டவணை விற்பனைக் கூட்டத்துக்கு உதவலாம். இந்த வேலைக்கு உதவாது.

பேருந்து டிக்கெட் எடுக்கும் தளங்களை எடுத்துக்கொள்ளலாம். ‘வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து மதுரைக்கு, வயதான தாயாருக்குக் கீழ்ப் படுக்கை ஒன்று, ஆயிரம் ரூபாய்க்குள்’ என்பது நல்ல சோதனைப் பணி. இதை முடிக்கக் கட்டண வரம்பை அமைக்க வேண்டும், படுக்கை வரைபடத்தில் மேல் எது கீழ் எது என்று பிரித்தறிய வேண்டும், ஏறுமிடம் கிளாம்பாக்கமா வேறிடமா என்று கவனிக்க வேண்டும். மேல் படுக்கையைப் பதிந்துவிட்டு இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது என்று எழுந்தவர், தோல்விக் கணக்கில்தான் சேருவார். பணித்தாளின் வாசகத்திலும் கவனம் தேவை. ஒரு தளத்தின் பொத்தானில் ‘போர்டிங் பாயிண்ட்’ என்றிருந்து, பணித்தாளிலும் அதே சொல் வந்துவிட்டால், அந்தத் தளத்துக்கு மட்டும் விடையைச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். டிக்கெட் எடுப்பதை மட்டும் சோதித்துவிட்டு, ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறுவதைச் சோதிக்காமல் விடுவதும் சரியல்ல. பயணிக்கு எரிச்சல் மூளுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரே நபர் மூன்று தளங்களிலும் அடுத்தடுத்துச் செய்தால், முதல் தளத்தில் கற்றுக்கொண்டது மூன்றாவதில் கைகொடுக்கும். அதனால் ஒருவருக்கு ஒரு வரிசை, அடுத்தவருக்கு வேறு வரிசை என்று மாற்றிக் கொடுப்பார்கள். அல்லது ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குழுவை வைப்பார்கள். சோதனைக்குச் செலவு செய்வது எந்த நிறுவனம் என்று பங்கேற்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் முகத்துக்காகப் பாராட்டுவது மனித இயல்பு. பழைய வாடிக்கையாளரை மட்டும் அழைத்தால் பழக்கத்தை அளந்ததாகுமே தவிர எளிமையை அளந்ததாகாது. கைபேசி, இணைய வேகம், நாள் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். பொங்கல் நெரிசலில் ஒரு தளத்தையும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் இன்னொன்றையும் சோதிப்பதில் பொருளில்லை.

அதிகம் குழம்புவது எண்ணிக்கையில். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது, ஒரு தளத்தின் குறைகளைக் கண்டுபிடிப்பதற்கு. இரண்டு தளங்களில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. அளவீட்டுச் சோதனைக்குக் குறைந்தது 20 பேர் வேண்டும் என்பதே அவருடைய பரிந்துரை. ஒரு தளத்தில் 10 பேரில் 8 பேரும், போட்டித் தளத்தில் 6 பேரும் பணியை முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால் முதல் தளத்தின் உண்மையான வெற்றி விகிதம் சுமார் 48 முதல் 95 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம். இரண்டாவது 31 முதல் 83 வரை. இதை வைத்து ‘நாமே முன்னணி’ என்று அறிவிப்பது அவசரம். நேரத்திலும் சராசரி ஏமாற்றும்: ஒருவர் ஓ.டி.பி.க்காகப் பத்து நிமிடம் காத்திருந்தால் மொத்தச் சராசரியும் எகிறிவிடும். இடைநிலை அளவே நம்பகமானது.

திருப்தியை அளக்கப் பரவலாகப் பயன்படுவது, ஜான் புரூக் 1986இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் உருவாக்கிய எஸ்.யூ.எஸ். என்ற 10 வாக்கியக் கேள்வித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இறுதி மதிப்பு 0 முதல் 100 வரை வரும். அது சதவீதம் அல்ல. பல நூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி 68 என்று தெரிய வந்தது. ஆக, 70 வாங்கிய தளம் நடுத்தரத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான்.

பயனர்களை அழைக்காமல் நிபுணர்களையே வைத்துத் தளங்களைத் தரம்பிரிக்க முடியாதா? செலவு குறையும், ஆனால் எந்த நிபுணர் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். டென்மார்க்கின் ரோல்ஃப் மோலிக் 1990களின் இறுதியில் நடத்திய ஒப்பீட்டில் ஒன்பது குழுக்கள் ஹாட்மெயில் தளத்தைத் தனித்தனியே, அதுவும் பயனர்களை வைத்தே, சோதித்தன. மொத்தம் 310 சிக்கல்கள் பதிவாயின. அவற்றில் முக்கால் பங்கு, ஏதாவது ஒரு குழுவின் கண்ணில் மட்டுமே பட்டவை. பயனர்களை வைத்துச் சோதித்தபோதே இப்படியென்றால், ஒரு தளத்தை ஒரு நிபுணரும் போட்டித் தளத்தை இன்னொருவரும் பார்த்துவிட்டுக் குறைகளை எண்ணி ஒப்பிட்டால், அந்த வித்தியாசம் தளங்களுடையதா நிபுணர்களுடையதா என்றே பிரிக்க முடியாது.

முடிவு கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைவிடப் பணிவாரியான இடைவெளிகளே அதிகம் பயன்படும். டிக்கெட் எடுப்பதில் முந்திய தளம் ரத்து செய்வதில் பின்தங்கியிருக்கலாம். திருத்த வேலை தொடங்க வேண்டியது அங்கே. போட்டித் தளங்களும் மாறிக்கொண்டே இருப்பதால், பெரிய மறுவடிவமைப்புக்கு முன்னும் பின்னும், அதே பணிகளையும் அதே வகைப் பங்கேற்பாளர்களையும் வைத்துச் சோதனையைத் திரும்ப நடத்துகிறார்கள்.