பக்கவாத நோயாளிக்கு ஊட்டிவிட்டால் மட்டும் போதுமா?

பெட்டாலிங் ஜெயா – பக்கவாதம் வந்து வீடு திரும்பும் அப்பாவுக்கு மூன்று வேளையும் சோறு பிசைந்து ஊட்டிவிடுவது தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் குடும்பங்களின் வழக்கம். அன்பால் செய்வதுதான். ஆனால், மாதக்கணக்கில் அதுவே தொடர்ந்தால் பலவீனமான கைக்குப் பயிற்சி கிடைக்காது. பிறர் கையை எதிர்பார்க்கக் கூச்சப்பட்டு, "பசியில்லை" என்று பாதியில் நிறுத்திவிடும் பெரியவர்களும் உண்டு. உடல் மெலிந்தால் தேறுவதும் தாமதமாகும்.

இங்குதான் செயல்வழி சிகிச்சை உதவுகிறது. அரசாங்க மருத்துவமனைகளில் இதை 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்பார்கள். உண்பது, குளிப்பது, உடுத்துவது போன்றவற்றை நோயாளி மீண்டும் தாமே செய்யப் பழக்குவதே இதன் நோக்கம்.

நோயாளி எப்படி உட்காருகிறார், எதைப் பிடிக்க முடிகிறது என்பதைச் சிகிச்சையாளர் முதலில் கவனிப்பார். பிடி தளர்ந்திருந்தால் கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கலாம். தட்டு நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி விரிக்கலாம். விளிம்பு உயர்ந்த தட்டில் ஒரு கையாலேயே அள்ளலாம். வலக்கை முடங்கியவர் இடக்கையால் உண்ணக் கூசலாம். கரண்டி பிடித்தால் அந்தக் கூச்சம் குறையும்.

சிலர் தட்டின் இடப்பக்கச் சோற்றைத் தொடுவதே இல்லை. அது பிடிவாதம் அல்ல. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால், இடப்பக்கம் இருப்பது கவனத்தில் படாமல் போகலாம். தட்டைத் திருப்பி வைத்து, அந்தப் பக்கம் பார்க்க நினைவூட்டுங்கள்.

எச்சரிக்கையும் வேண்டும். சாப்பிடும்போது இருமினால், அடிக்கடி புரையேறினால், குரல் மாறினால் விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா ஏற்படலாம். கஞ்சிதான் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். தண்ணீரான உணவே சிலருக்கு எளிதில் புரையேறும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பேச்சு சிகிச்சையாளர் விழுங்கும் திறனைச் சோதிப்பார். இனிப்புநீர் உள்ளவர்கள் என்ன சாப்பிடலாம் என்பதை உணவியல் நிபுணர் சொல்வார்.

மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றிலும் இச்சிகிச்சை உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் 'நாசாம்' எனும் தேசியப் பக்கவாதச் சங்கமும் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கிறது. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996-இல் அதைத் தொடங்கினார். தூரத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் மருத்துவமனையிலிருந்து வெளியாகும் நாளிலேயே இச்சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

விழுங்குவதில் சிக்கல் இல்லையென்று உறுதியானால், அப்பாவை நிமிர்த்தி உட்கார வையுங்கள். முதல் நாலு வாய் அவரே சாப்பிடட்டும். களைத்த பிறகு நீங்கள் ஊட்டுங்கள்.