பெர்லினில் கேட் இல்லை, ஆனா டிக்கெட் உண்டு

போன வருஷம் ஜூன், ஜூலை ரெண்டு மாசம் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக பெர்லினில் இருந்தேன். போய்ச் சேர்ந்த மூணாவது நாள், முதல் தடவையா சுரங்க ரயில் ஸ்டேஷனுக்குள் இறங்கினேன். சென்னை மெட்ரோ மாதிரி கேட் இருக்கும், டிக்கெட்டைக் காட்டினா திறக்கும்னு நினைச்சேன். கேட்டே இல்லை. படியில் இறங்கினா நேரா பிளாட்பாரம். சரி, நம்ம ஊர் எலக்ட்ரிக் ட்ரெயின் மாதிரிதான் போலன்னு மெஷினில் 3.80 யூரோவுக்கு டிக்கெட் எடுத்து பாக்கெட்டில் வெச்சுக்கிட்டு ஏறிட்டேன்.

ரெண்டு ஸ்டேஷன் தாண்டியதும், பக்கத்தில் சாதாரணமா நின்னுக்கிட்டிருந்த ஒருத்தர் அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார். தைரியமா நீட்டினேன். திருப்பிப் பார்த்துட்டு, "ஸ்டாம்ப் எங்கே?" என்றார். 60 யூரோ அபராதம். அப்போதைய ரேட்டில் கிட்டத்தட்ட 6,000 ரூபாய். தப்பு என்னுடையதுதான். இந்த வருஷம் நம்ம டிபார்ட்மென்ட்டில் இருந்தே சிலர் மேல்படிப்புக்கு ஜெர்மனி போறாங்க. அவங்களுக்கு இந்த 6,000 மிச்சமாகட்டும்னுதான் இதை எழுதுறேன்.

டிக்கெட் எப்படி வேலை செய்யுது?

நம்ம ஊரில் டிக்கெட் வாங்கின நேரமே அதில் அச்சாகி வரும். பெர்லின் பிளாட்பார மெஷினில் வாங்கும் காகித டிக்கெட்டில் பயணம் தொடங்கும் நேரம் இருக்காது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் டிக்கெட்டைச் செருகினா தேதியும் நேரமும் பதியும். அந்த நிமிஷத்தில் இருந்து ரெண்டு மணி நேரம், ஒரே திசையில், ரயில், டிராம், பஸ் எதில் வேணும்னாலும் மாறி மாறிப் போகலாம். ஸ்டாம்ப் இல்லைன்னா அதே டிக்கெட்டை ஒரு மாசம் பாக்கெட்டில் வெச்சு ஓட்டலாமே! அதனாலதான் ஸ்டாம்ப் இல்லாத டிக்கெட்டும், டிக்கெட் இல்லாததும் அவங்களுக்கு ஒண்ணு. மொபைல் ஆப்பில் வாங்கினா இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது மண்டலம். ஊரைச் சுற்றி சுமார் 37 கிலோமீட்டருக்கு ஒரு வட்ட ரயில் பாதை இருக்கு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள்ளே ஏ மண்டலம், அங்கிருந்து நகர எல்லை வரை பி, அதற்கு வெளியே சி. ஊருக்குள் சுத்த ஏ-பி டிக்கெட் போதும். ஆனா விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கு. இறங்கின களைப்பில் ஏ-பி டிக்கெட் எடுத்தா முதல் நாளே மாட்டுவீங்க.

மாட்டாமல் ஓட்டலாமா?

இன்ஜினியரிங் மூளை உடனே கணக்குப் போடும். நானும் போட்டேன். 60-ஐ 3.80-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 16. பதினாறு பயணத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவா மாட்டினா லாபம். ஆனா இந்தக் கணக்கில் ஒண்ணு விட்டுப்போச்சு. டிக்கெட் இல்லாமல் ஏமாற்றிப் பயணிப்பது ஜெர்மன் குற்றவியல் சட்டம் 265ஏ பிரிவின்படி கிரிமினல் குற்றம். அபராதம் அல்லது ஒரு வருஷம் வரை சிறை. கோர்ட் போட்ட அபராதத்தைக் கட்ட வழியில்லாமல் உள்ளே போறவங்களும் இருக்காங்க. இதை மாத்தணும்னு அங்கேயே விவாதம் நடக்குது. படிக்கப் போன இடத்தில் அந்த விவாதத்துக்கு நாம உதாரணம் ஆக வேண்டாம்.

சரியான கணக்கு வேற. மாசத்துக்கு 22 நாள், தினம் ரெண்டு பயணம்னா 44 டிக்கெட், நான் வாங்கின 3.80 விலையில் 167 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாத்துக்கும் செல்லுபடியாகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025-ல் மாசம் 58 யூரோ, 2026 ஜனவரியில் இருந்து 63. அதிவேக ஐசிஇ போன்ற நீண்ட தூர ரயில்களில் செல்லாது. இது சந்தா. நாம நிறுத்தும் வரை ஒவ்வொரு மாசமும் பணம் எடுத்துக்கிட்டே இருப்பாங்க. மாசக் கடைசியில் நிறுத்தணும்னா அந்த மாசம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிடணும்.

எதில் ஏறுவது?

யு-பான் பெரும்பாலும் சுரங்கத்தில் ஓடும், எஸ்-பான் பெரும்பாலும் மேலே. டிராம் அதிகமா ஊரின் கிழக்குப் பக்கம்தான் தெரியும். நகரம் ரெண்டா பிரிஞ்சிருந்தப்போ மேற்கு பெர்லின் 1967-க்குள் தன் டிராம்களை எல்லாம் நிறுத்திடுச்சு, கிழக்கு நிறுத்தலை. சுவர் விழுந்தது 1989-ல். டிராம் மேப்பில் அந்தக் கோடு இன்னும் தெரியுது. வெள்ளி, சனி ராத்திரிகளில் யு-பானும் எஸ்-பானும் பெரும்பாலான தடங்களில் விடிய விடிய ஓடும். மத்த நாள் ராத்திரி பஸ்ஸும் டிராமும்தான்.

கார்?

ஊருக்குள் தினசரி வேலைக்குத் தேவையே இல்லை. வாடகைக்கு எடுத்து வெளியூர் போகணும்னா சில விஷயம். அங்கே வலது பக்கம் ஓட்டணும். வட்ட ரயில் பாதைக்கு உள்ளே 2008-ல் இருந்து சுற்றுச்சூழல் மண்டலம், கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் இல்லாத கார் நுழையக் கூடாது. போர்டோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலது பக்கம் இருந்து வருபவருக்கு முதலில் வழி விடணும். டிராம் நின்னு ஆள் இறங்கும்போது அந்தப் பக்கம் நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது, தேவைப்பட்டா நிக்கணும். வலது பக்கம் திரும்பும் முன் நேரா வரும் சைக்கிளுக்கு வழி விடணும். அங்கே குடியேறிட்டா நம்ம லைசென்ஸ் ஆறு மாசம்தான் செல்லும்.

கேட் வைக்காததால் அங்கே ஸ்டேஷன் வாசலில் நெரிசல் இல்லை, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையில்லாமல் போகுது. அதுக்குப் பதிலா சரிபார்க்கும் வேலையை நம்ம கையில் கொடுத்திருக்காங்க. ஏறுறதுக்கு முன்னாடி டிக்கெட்டை ஒரு தடவை பாருங்க. தேதியும் நேரமும் பதிஞ்சிருந்தா மட்டும் ஏறுங்க.