குரு காணாத மான்

வில்லும் அம்பும் என்றால் நமக்கு ஸ்ரீராமனும் அர்ஜுனனும் நினைவுக்கு வருகிறார்கள். அடுத்தபடியாக, துடைப்பக் குச்சியை வளைத்து நூல் கட்டி, வீட்டுப் பூனையைக் குறி பார்க்கும் நம் சொந்தப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் பட்டம் பெற்று, தொழிலிலே பெயரும் எடுத்துவிட்ட ஒரு ரண சிகிச்சை நிபுணர், கிட்டத்தட்ட 37-ஆவது வயதில் வில்வித்தைக்கு அரிச்சுவடி தொடங்கினார் என்பது அவ்வளவாக நம் காதில் விழாத செய்தி. அவர் பெயர் ஸாக்ஸ்டன் போப். அமெரிக்காவில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதியில் ஆசிரியராக ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் இருந்தவர். வித்தை தொடங்கியது 1912-ஆம் வருஷத்தில். வில்லைக் கொண்டு அவர் முதல் மானை வீழ்த்தியதோ அதற்குப் பல வருஷங்களுக்குப் பின்பு. அந்த மானைப் பார்ப்பதற்கு அவருடைய குரு உயிரோடு இல்லை.

அந்தக் குருவின் கதையைச் சொல்லாமல் மானின் கதையைச் சொல்ல முடியாது.

கலிபோர்னியாவின் வடபகுதியில் லாஸன் என்ற எரிமலை இருக்கிறது. அதன் மேற்குச் சரிவில் மில் கிரீக், டீர் கிரீக் என்னும் இரண்டு ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. அங்கே யாஹி என்ற சிறு குலத்தார், ஸால்மன் மீனும் மானும் ஓக் மரக் கொட்டை மாவும் உண்டு வாழ்ந்தார்கள். 1848-இல் அந்த ராஜ்யத்தில் தங்கம் அகப்பட்டது. அகப்பட்ட இடம் இவர்கள் மலை அல்ல. ஆனாலும் அனர்த்தம் இவர்கள் தலையில்தான் விடிந்தது. தங்கத்தைத் தேடி வந்த கும்பல் இவர்கள் மீன் பிடித்த ஆற்றைக் கலக்கியது. பின்னால் வந்த மாட்டுப் பண்ணைக்காரர்கள் இவர்கள் வேட்டையாடிய காட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பசிக்கு ஒரு மாட்டைத் திருடினால், அதற்குத் தண்டனையாக ஒரு கிராமத்தையே சுட்டுத் தள்ளினார்கள். கலிபோர்னியாவில் பழங்குடிகளின்மேல் நடந்த இத்தகைய படையெடுப்புகளுக்கு ஆன செலவை அரசாங்கமே கொடுத்ததும் உண்டு. சில நூறு பேராக இருந்த யாஹிகள் 1870-ஐ ஒட்டிய வருஷங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிலைக்கு வந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் மலையிடுக்குகளிலே புகுந்து மறைந்தார்கள். சுமார் நாற்பது வருஷ காலம், அடுப்புப் புகை வெளியே தெரியாமல், நடந்த சுவடு மண்ணில் பதியாமல் வாழ்ந்தார்கள்! வெளியுலகம், யாஹி குலம் அற்றுப்போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தது.

1908-இல் நில அளவைக்காரர்கள் சிலர் அவர்களுடைய மறைவிடத்தில் தற்செயலாகப் போய் நுழைந்தார்கள். நடக்க முடியாத ஒரு கிழவி மாத்திரம் அங்கே கிடந்தாள். வந்தவர்கள் கிழவியைத் தொடவில்லை. ஆனால் போர்வைகளையும் கருவிகளையும் வேடிக்கைப் பொருள்களாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கிழவியின் மகனே நம் கதையின் குரு. தாயும் போய், மற்றவர்களும் போய், தன்னந்தனியராகிவிட்ட அவர், 1911 ஆகஸ்டு மாதக் கடைசியில், ஆரோவில் என்ற ஊரின் கசாப்புக் கொட்டகையருகே, பசியால் இளைத்து வந்து நின்றார். அவரை என்ன செய்வதென்று தெரியாமல், ஊர் அதிகாரி சிறையிலே வைத்துப் பூட்டினார்.

சர்வகலாசாலையிலிருந்து வாட்டர்மன் என்ற மானிட சாஸ்திரி, பழைய சொற்பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சொல் சொல்லாகப் படித்துப் பார்த்தார். எதற்கும் அசையாதிருந்த மனிதர், மஞ்சள் பைன் மரத்தைக் குறிக்கும் ஒரு சொல் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்தார். இருவருமாகச் சேர்ந்து, அந்த மரத்தால் செய்த கட்டிற் சட்டத்தைத் தட்டித் தட்டி அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்களாம்! தம் பெயரை அந்நியரிடம் தாமே சொல்வது அவர்கள் குல வழக்கமல்ல. கடைசி வரையில் அவர் சொல்லவும் இல்லை. ஆகவே, குரோபர் என்ற பேராசிரியர் ‘இஷி’ என்று பெயரிட்டார். அவர்கள் பாஷையில் அதற்கு ‘மனிதன்’ என்று பொருள்.

ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்த சர்வகலாசாலைக் காட்சிசாலையில் இஷி குடியேறினார். மாதம் 25 டாலர் சம்பளத்தில் அங்கே துப்புரவு வேலையும் பார்த்தார். பக்கத்திலேயே வைத்தியசாலை. அங்கே வேலை பார்த்த டாக்டர் போப்புக்கும் அவருக்கும் சிநேகம் உண்டாயிற்று. இஷி டாக்டரைக் ‘கூவி’ என்று அழைத்தார். மந்திர வைத்தியர் என்று அர்த்தம். வயிற்றைக் கீறித் தைக்கும் சாமர்த்தியத்துக்காகக் கொடுத்த பட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். டாக்டருக்குக் காசை மறைத்து எடுக்கும் செப்பிடு வித்தை கொஞ்சம் தெரியும். இஷிக்கு அதில்தான் மதிப்பு அதிகம்.

நான்கு வருஷ காலம் டாக்டர், இஷியிடம் சிஷ்யராக இருந்தார். முதல் பாடம் எய்வதல்ல, செய்வது. ஜூனிப்பர் மரத்தில் நல்ல துண்டாகப் பார்த்து எடுக்கவேண்டும். அளவு கோல் எதுவும் கிடையாது. மரத்தின் ஒரு நுனியை வலது இடுப்பில் வைத்து, இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினால் மறு நுனி விரல் நுனியைத் தொடவேண்டும். அதுதான் அளவு. ஆளுக்குத் தக்க வில்! மான் நரம்பை வாயில் இட்டு மென்று மென்று நாராக்கி, ஸால்மன் மீன் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் வில்லின் முதுகில் ஒட்டவேண்டும். நாணும் மான் நரம்புதான். அம்புக்கு ஹேஸல் குச்சி. அம்பின் முனைக்கு எரிமலை கக்கிய கறுப்புக் கண்ணாடிக் கல். நகரத்தில் அது அருமையானதால் உடைந்த பாட்டில் கண்ணாடியும் உதவிற்று. மான் கொம்பின் நுனியால் அழுத்தி அழுத்திச் செதிள் செதிளாகப் பெயர்த்து, அரை மணி நேரத்தில் ஒரு முனையைத் தீட்டிவிடுவார். செதிள் கண்ணில் தெறித்து விழுந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துக்கொண்டு, மற்றக் கையால் தம் உச்சந் தலையில் ஓங்கி ஓர் அறை அறைந்துகொள்வார்! இந்தச் சிகிச்சையைப் பக்கத்தில் இருந்து பார்த்த டாக்டரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வில்லுக்கு உயிர் உண்டு என்பது இஷியின் நம்பிக்கை. வேலையில்லாத வேளையில் நிமிர்த்தி வைத்தால் அது களைத்து வியர்க்கும், படுக்க வைக்கவேண்டும். யாரும் அதைத் தாண்டக்கூடாது. குழந்தைகளும் பெண்களும் தொடக்கூடாது. (இதைப் படிக்கும் சகோதரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கிரேக்க நாட்டிலிருந்து நம் ராணி சென்னம்மா வரையில் ஆயுதமேந்திய பெண்மணிகளின் சரித்திரம் இஷிக்குத் தெரியாது.)

எய்யும் முறைதான் விசேஷமானது. இஷி குத்துக்காலிட்டோ மண்டியிட்டோ அமர்ந்து, வில்லைக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்து, நாணைக் கட்டை விரலால் இழுப்பார். மகாபாரதம் படித்த நமக்கு இந்த இடத்தில் ஏகலைவனை நினைக்காமலிருக்க முடியுமா? அங்கே வேடன் சிஷ்யன். அரச குலத்தாரின் ஆசிரியர் அவன் கட்டை விரலையே தக்ஷிணையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இங்கே வேடர் குரு. நாட்டையும் குலத்தையும் பறிகொடுத்த பிறகு, பறித்த இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு, மிச்சமிருந்த கட்டை விரலின் வித்தையைத் தக்ஷிணை கேளாமல் கற்றுக் கொடுத்தார். டாக்டரோ பிற்பாடு மூன்று விரல்களால் இழுக்கும் ஆங்கிலேய முறைக்கே போய்விட்டார். வேட்டையாடும் முறையை மாத்திரம் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த முறை என்ன? வேட்டைக்கு முதல் நாள் இஷி மீன் தின்னமாட்டார், புகையிலையைத் தொடமாட்டார். விடியற்காலையில் எழுந்து ஓடையில் ஸ்நானம் செய்து, வாசனைத் தழையை உடம்பில் தேய்த்துக்கொள்வார். வாயைக் கொப்புளித்து, நீர் அருந்துவார், ஆகாரம் கிடையாது. நம்மில் சிலர் விரதம் என்பார்கள். டாக்டர்கள், மனித வாடை மிருகத்துக்கு எட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்பார்கள். இரண்டும் சரியே. காற்று எதிரே வீசும் திசையிலேதான் நடப்பார். மரக்கிளையில் ஜே என்ற நீலப் பறவை கத்திவிட்டால் சிரித்துக்கொண்டு நின்றுவிடுவார். மனிதன் வருகிறான் என்று அது காடெல்லாம் தண்டோராப் போட்டாகிவிட்டது, இனி இங்கே வேட்டை இல்லை என்பது அவர் கணக்கு. இரண்டு விரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சி, ஆபத்தில் அகப்பட்ட முயல் போலக் கீச்சிடுவார். ஒரு நாள் மாலை பன்னிரண்டு இடங்களில் இவ்வாறு குரல் கொடுத்ததில் ஐந்து முயல்களும் ஒரு காட்டுப்பூனையும் வந்து எட்டிப் பார்த்தன என்று போப் எழுதி வைத்திருக்கிறார். இலையை மடித்து உதடுகளுக்கிடையே வைத்து மான் குட்டி போலவும் கத்துவார். அதைக் கேட்டுத் தாய் மான் வரும். கொல்லாமை போற்றும் இல்லங்களில் இதைப் படிப்பவர்களுக்கு மனம் சற்றுச் சுருங்கத்தான் செய்யும். எனக்கும் அப்படித்தான். ஆனால் பசிக்கு மட்டுமே கொன்ற குலத்தையும், தோலுக்கும் கொம்புக்கும் தங்கத்துக்கும் கொன்ற கூட்டத்தையும் ஒரே தராசில் நிறுத்த என்னால் முடியவில்லை.

காடை, தரையணில், முயல் ஆகிய சிறு பிராணிகள் சிஷ்யருக்கு வசப்பட்டன. மான் மட்டும் வசப்படவில்லை. துப்பாக்கிக்காரனுக்கு மான் இருநூறு கஜத்தில் நின்றாலும் போதும். வில்லாளிக்கு நாற்பது கஜம் என்பதே தூரம். அந்தக் காலத்து வில்லிலிருந்து கிளம்பும் அம்பு விநாடிக்குச் சுமார் 150 அடி செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது கஜம் கடக்க முக்கால் விநாடிக்கு மேலாகிறது. நாண் ஒலி அதற்குள் மானை எட்டி ஆறு, ஏழு மடங்கு நேரம் மிஞ்சியிருக்கும். அந்த இடைவெளியில் மான் துள்ளிவிடும். ஆகவே அது பார்க்காத, கேட்காத, முகராத நெருக்கத்துக்குப் போகவேண்டும். அல்லது அது தானாக வரும்வரையில் அசையாமல் இருக்கவேண்டும். இஷிக்கு அது ஒரு நாள் பிடித்தாலும் சரி, மூன்று நாள் பிடித்தாலும் சரி.

1914 மே மாதத்தில் குரோபர், வாட்டர்மன், போப், போப்பின் இளம் மகன் எல்லோரும் இஷியுடன் டீர் கிரீக் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். உற்றார் எல்லோரும் மாண்ட இடத்துக்குத் திரும்ப இஷிக்கு முதலில் மனமில்லை. போன பின் பழைய பாதைகளையும் குடிசை இருந்த இடங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். இஷியும் டாக்டரும் பல தடவை மான் வேட்டைக்குக் கிளம்பினார்கள். மான்மேல் அம்பு எய்ததும் உண்டு. தூரத்தாலோ, நிலத்தின் சரிவாலோ, குறுக்கே நின்ற மரத்தாலோ ஒன்றும் படவில்லை. இதற்குக் காரணத்தைப் போப் ஒளிக்காமல் எழுதுகிறார்: பழக்கமில்லாத ஒருவன் கூட இருந்தது இஷிக்கு இடையூறு, வெள்ளைக்காரனுக்கு எப்போதும் அவகாசம் இல்லாமற் போனது அதைவிடப் பெரிய இடையூறு. திங்கட்கிழமை வைத்தியசாலைக்குத் திரும்பவேண்டிய மனிதனுக்காக மான் காத்திருக்குமா?

மனிதக் கூட்டத்தோடு வந்த நோய்கள் இஷியையும் விடவில்லை. க்ஷயரோகம் கண்டு, 1916 மார்ச் 25-ஆம் தேதி இறந்தார். போப்தான் கடைசி வரையில் வைத்தியம் பார்த்தவர். நாம் விடை பெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டோம்; அமங்கலம் என்று ‘வருகிறேன்’ என்போம். இஷியின் வழக்கம் வேறு. “நீங்கள் இருங்கள், நான் போகிறேன்” என்பதே அவர் விடை பெறும் முறை. தகனத்தின்போது அவருடன் ஒரு வில்லும் ஐந்து அம்புகளும் ஒரு கூடை ஓக் கொட்டை மாவும் வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த மான் விழுந்தது. 1923-இல் வெளிவந்த தம் வேட்டைப் புத்தகத்தில், இஷியின் வேட்டை முறைகளைச் சொல்லும் இடத்திலேயே போப் அந்தச் செய்தியைச் சேர்த்திருக்கிறார்: குரு மறைந்த பிறகே, அவர் கற்றுக் கொடுத்ததைக் கொண்டு, தாம் முதல் மானை வில்லால் கொன்றதாக. வேட்டைக்காரர்கள் முதல் மானைப் பற்றி வழக்கமாகப் பாடும் பரணி அந்த இடத்தில் கிடையாது. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் கொல்லும். அம்பு இரத்தத்தை வடியச் செய்து கொல்லும். அடிபட்ட மானைத் துரத்தினால் அது காத தூரம் ஓடும். எய்தவன் உட்கார்ந்த இடத்திலேயே அரை மணியாவது அசையாமல் இருந்துவிட்டு, பிறகு இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். காத்திருக்கத் தெரியாத இனத்து மனிதருக்கு அந்தக் கடைசிப் பாடமும் வந்துவிட்டது என்பதற்கு அந்த மான் அத்தாட்சி.

பின்னால் போப்பின் புகழ் பரவிற்று. ஆர்தர் யங் என்ற நண்பருடன் சேர்ந்து, காட்சிசாலைக்காகப் பெருங்கரடிகளை வில்லால் வீழ்த்தினார், ஆப்பிரிக்காவுக்கும் போனார். இவையெல்லாம் பெரிய சாகஸங்கள்தாம். ஆனால் அவர் செய்ததில் மேலானது எது என்று கேட்டால், 1918-இல் யாஹி வில்வித்தையைப் பற்றி அளவு தவறாமல் எழுதி வெளியிட்ட சிறு நூல் என்பேன். 1926-இல் போப் இறந்தார். 1961-இல் அமெரிக்க வில் வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது அதற்குப் போப், யங் இருவர் பெயரையும் வைத்தார்கள். இஷியின் பெயர் அதில் இல்லை.

இஷியின் உடலைத் தகனம் செய்யுமுன் பிரேத பரிசோதனை செய்தார்கள். குரோபர் தூரத்திலிருந்து கடிதம் எழுதி அதைத் தடுக்கப் பார்த்தார், பயனில்லை. எடுத்துவைத்த மூளை 1917-இல் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்துக்கு அனுப்பப்பட்டது. எண்பது வருஷங்களுக்கு மேல் அது அந்த ஸ்தாபனத்தின் வசமே இருந்தது. யாஹிகளுக்கு உறவான பழங்குடியினர் கேட்டுப் போராடி, 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதையும் அஸ்தியையும் சேர்த்து, இஷியின் சொந்த மலையிலேயே ஓரிடத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த இடம் எது என்று வெளியாருக்கு அவர்கள் சொல்லவில்லை.