புலமைப்பரிசிலா, விலைக்கழிவா?

அமெரிக்காவில் வாழும் எம்மவர் பலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது: பிள்ளை கெட்டியாகப் படித்தால் பெரிய பல்கலைக்கழகம் தானே பணம் கொடுத்து அழைத்துக்கொள்ளும். 1970களின் தரப்படுத்தலுக்குப் பின், புள்ளிகளே நியாயத்தின் ஒரே அளவுகோல் என்று நம்பப் பழகிய சமூகத்துக்கு இது இயல்பானதுதான். ஆனால் அமெரிக்க உயர்கல்வியின் பொருளாதாரம் வேறுவிதமாக இயங்குகிறது.

ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும், எம்.ஐ.ரி.யும் திறமைக்கென்று ஒரு சதமும் தருவதில்லை. அங்கு கிடைப்பது குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கப்படும் உதவி மட்டுமே. விண்ணப்பிப்போரில் பெரும்பாலோர் கெட்டிக்காரர். அவர்களை விலை கொடுத்து ஈர்க்கவேண்டிய அவசியம் அங்கில்லை. அந்த அவசியம் உள்ள கல்லூரிகளே, தமது மாணவர் தரத்தை உயர்த்திக் காட்டவும், மீதிக் கட்டணத்தையாவது செலுத்தக்கூடிய குடும்பங்களைக் கவரவும் 'மெரிற்' பரிசில்களை வழங்குகின்றன. பெயர் புலமைப்பரிசில், தொழிற்பாட்டில் அது விலைக்கழிவு.

எனவே பட்டியல் தயாரிக்கும்போது, எந்தக் கல்லூரிக்கு எம் பிள்ளை தேவைப்படுகிறது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'கொமன் டேற்றா செற்' என்னும் தரவுத் தொகுப்பை வெளியிடுகின்றன. அதன் 'சி' பகுதியில், சேர்ந்த மாணவரின் எஸ்.ஏ.ரி. புள்ளிகளது 25ஆம், 75ஆம் சதமானங்கள் உள்ளன. 'எச்' பகுதியில், பணத்தேவை இல்லாதவர்களில் எத்தனை பேர் பரிசில் பெற்றனர், சராசரித் தொகை எவ்வளவு என்பன உள்ளன. பிள்ளையின் புள்ளி 75ஆம் சதமானத்தைத் தாண்டி, பரிசில் பெறுவோர் தொகையும் கணிசமாக இருந்தால் அக்கல்லூரி பட்டியலில் இடம்பெறலாம்.

அலபாமாப் பல்கலைக்கழகம் போன்றவை, எந்தப் புள்ளிக்கு எவ்வளவு என்று அட்டவணையே வெளியிடுகின்றன. அத்தகைய ஒன்றிரண்டு பட்டியலின் அத்திவாரமாக அமையவேண்டும். வட கரோலினாவில் 1945இல் தொடங்கிய மோர்ஹெட்-கேன் போன்ற முழுச் செலவுப் பரிசில்கள் மிகச் சிலருக்கே கிட்டும். அவற்றை நம்பித் திட்டமிடலாகாது. அனுமதி கிடைத்தால் சேர்வதாக முன்கூட்டியே உறுதியளிக்கும் 'ஏர்லி டிசிஷன்' முறை, சலுகைகளை ஒப்பிடும் வாய்ப்பைப் பறித்துவிடும். பரிசில் நான்காண்டும் தொடர எந்தச் சராசரியைப் பேணவேண்டும் என்பதும் கவனிக்கப்படவேண்டும்.

அண்மையில் வந்த, வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இந்த வழி சிறந்ததென்று சொல்லமுடியாது. தேவை சார்ந்த உதவியில் ஹார்வர்டே மலிவாக அமையலாம். மத்திய அரசின் மாணவர் உதவியில் பங்குகொள்ளும் கல்லூரிகள் 2011 முதல் சட்டப்படி இணையத்தளத்தில் வைத்திருக்கும் செலவுக் கணிப்பானில் இதைச் சோதிக்கலாம். தஞ்சக் கோரிக்கை முடிவாகாதோருக்கு மத்திய அரசின் உதவி இல்லை; கல்லூரியின் சொந்தப் பரிசிலுக்குக் குடியுரிமை நிபந்தனை உண்டா என்பதை எழுத்தில் கேட்டறிவது நல்லது.

இதில் விவாதத்துக்குரியதும் ஒன்றுண்டு. ஜோர்ஜியா மாநிலம் 1993இல் லொத்தர் வருமானத்தில் 'ஹோப்' பரிசிலைத் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்த வருமான உச்சவரம்பு 1995இல் நீக்கப்பட்டது. ஏழைகள் வாங்கும் சீட்டு, வசதியுள்ளோர் பிள்ளைகளின் கட்டணமாகிறது என்ற விமர்சனம் எழுந்தது. திறமை என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு பிள்ளையுடையது, எவ்வளவு பெற்றோரின் வசதியுடையது? விலைக்கழிவைக் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. அதைப் பிள்ளையின் பெறுமதியாகக் கொள்வதுதான் தவறு.