தாராசிங்குக்கு மட்டும்தானா மாலை?

2025 ஜூலை 24ஆம் தேதி அமெரிக்க மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் காலமானார். அதன் எதிரொலி அமெரிக்காவில் எப்படி இருந்ததோ, கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பலமாகவே கேட்டது. அந்த ஓணம் விடுமுறைக்கு மூணாறிலிருந்து அக்காள் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் எஸ்டேட் லயத்தில் வளர்ந்த காலத்தில், 1990களில், அவன் சேர்த்த மல்யுத்தச் சீட்டுக்கட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நம் வாசகர்களில் பலர் வீட்டிலும் இருக்கும்! உயரம், எடை, மார்பளவு என்று ஒப்பிட்டு எதிராளியின் சீட்டைப் பிடுங்குகிற விளையாட்டு அது.

"ஹோகன் இல்லேன்னா ரெஸ்லிங்கே இல்ல தாத்தா" என்று அவன் ஆரம்பித்தான். சாய்வு நாற்காலியில் இருந்த என் பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. காது மந்தம், ஆனால் இது மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது.

"போடா! தாராசிங் பேரைச் சொல்லாம குஸ்தியப் பத்திப் பேச்சா?"

காபி ஆறிப்போகும் வரை வாக்குவாதம் ஓயவில்லை. ஒரு விளையாட்டையே மாற்றிய பெருமையை ஒரே ஒருவருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

முதலில் நம் தாராசிங்கைப் பார்ப்போம். 1928இல் பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் தர்முசக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாடு விடுதலை அடைந்த சமயத்தில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போனார். அவரும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போனவர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் ஆலை வேலை, மற்ற நேரத்தில் குஸ்திப் பயிற்சி. அப்போது சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்ட், ஹாப்பி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்காக்களில் டிக்கெட் போட்டுக் குஸ்தி நடத்துவார்கள். பெரியப்பாவின் தகப்பனார் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர். சம்பள நாளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாராம். ஊருக்குப் பணம் குறைவாக வந்த மாதங்களுக்குக் காரணம் அதுதான் என்று பாட்டி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்!

அதுவரை இந்தியக் குஸ்தி சமஸ்தானங்களின் நிழலில் வாழ்ந்தது. பாலும் பாதாமும் மகாராஜா கொடுப்பார், பயில்வான் மண் கோதாவில் மோதுவார். 1910இல் லண்டன் போய் உலக வீரர்களை மிரட்டிய காமா பயில்வானும் அரச ஆதரவில் வளர்ந்தவர்தான். 1928இல் பாட்டியாலாவில் அவர் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் சாய்த்ததும் ராஜா நடத்திய போட்டியிலே. விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் போயின. பயில்வானுக்குப் பால் யார் ஊற்றுவது? டிக்கெட் வாங்குகிற பொதுஜனம்தான். அந்த மாற்றம் தாராசிங் பிறக்காமல் இருந்திருந்தாலும் வந்தே இருக்கும்.

டிக்கெட் வாங்க வைத்ததிலும் பாதிப் பங்கு இன்னொருவருடையது. அவர் கிங்காங். சொந்தப் பெயர் எமில் சாயா, ஹங்கேரியர். பீப்பாய் போன்ற உடம்பு, எடை நூற்றெண்பது கிலோவுக்கு மேல் என்று விளம்பரம் செய்வார்கள். உறுமுவார், ஜனங்களைப் பார்த்துக் கையை ஓங்குவார். அந்தப் பூதத்தைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கினார் என்ற பேச்சில்தான் நாடு முழுவதும் அவர் புகழ் பரவியது. பெரியப்பாவும் அதைத்தான் எடுத்து வீசினார்.

அக்காள் மகன் விடவில்லை. "அவ்வளவு எடை உள்ள ஆள் ஒத்துக்காம யாராவது தூக்க முடியுமா தாத்தா?"

நியாயமான கேள்வி. ஆனால் அது அவன் ஹோகனுக்கும் பொருந்தும்! 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவில் பான்டியாக் நகர அரங்கில் ஹோகன் ராட்சத உருவம் கொண்ட ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டார். கூட்டம் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கை இன்றும் சிலர் நம்புவதில்லை. ஆந்த்ரே அப்போதே முதுகு வலியால் அவதிப்பட்டவர். அவர் மனம் வைத்து எழும்பிக் கொடுத்ததால்தான் அந்தக் காட்சி. பெயர் ஹோகனுக்குப் போயிற்று. அந்தக் காட்சிக்கு முதல் போட்டவர் வின்ஸ் மக்மேன். 1982இல் தந்தையிடமிருந்து நிறுவனத்தை வாங்கி, வட்டாரத்துக்கு ஒரு முதலாளி என்றிருந்த தொழிலைக் கேபிள் டி.வி. மூலம் நாடு முழுவதும் கொண்டுபோனவர். 1984 ஜனவரியில் பட்டம் வாங்கிய ஹோகன், ஓடத் தயாராக நின்ற தேருக்கு வைத்த கலசம். கலசம் அழகுதான், ஆனால் வடம் பிடித்தவர்கள் வேறு. 1989இல் அந்த நிறுவனமே, இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று நியூ ஜெர்சி மாநில அரசிடம் ஒப்புக்கொண்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. கட்டிலிலிருந்து தம்பி மேல் குதிப்பதாவது குறையும்.

அப்படியானால் தாராசிங்குக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1954இல் இந்தியப் பட்டம், 1959இல் கல்கத்தாவில் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம், 1968 மே 29இல் பம்பாயில் லூ தெஸை வென்று உலகப் பட்டம். தெஸுக்கு அப்போது வயது 52 என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டங்களை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. பயில்வான் என்றால் அடியாள் என்று பயந்த குடும்பங்கள், இந்த மனிதரைத் தயக்கமில்லாமல் வீட்டுக்குள் விட்டன. சினிமாவில் நடித்தார், 1983இல் குஸ்தியை விட்டார். 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூரதர்ஷன் 'ராமாயண'த்தில் அனுமாராக வந்தார். மூணாறில் லயத்துக்கு ஒரு டி.வி. இருந்தாலே அதிசயம், அதன் முன் அக்காளின் மாமியார் கைகூப்பி நின்றதை நானே பார்த்தேன். ஹிந்தி ஒரு சொல் தெரியாது. "நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று தமிழன் தமிழனைக் கேட்கிறான் என்றால், அந்த இடத்தை எந்த விளம்பரமும் வாங்கித் தரவில்லை. 2003இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 2012 ஜூலை 12இல் மறைந்தார்.

இதைச் சொன்னதும் பெரியப்பா வெற்றிப் புன்னகை பூத்தார். அக்காள் மகன் வேறு பக்கம் திரும்பினான்.

"மாமா, 2015 செப்டம்பர்ல எங்க மூணாறுல பொம்பளைங்க ரோட்டுல உக்காந்தாங்கள்ல, இருபது பர்சென்ட் போனஸ் கேட்டு? வந்த பத்திரிகைக்காரங்க எல்லாம் 'தலைவர் யாரு, தலைவர் யாரு'ன்னுதான் கேட்டாங்க. போட்டோவுல ரெண்டு மூணு முகம். எங்கம்மா ஒன்பது நாளும் உக்காந்திருந்தா. எந்தப் போட்டோவுலயும் இல்ல."

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காள் உள்ளே இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவிட்டம். பல்லசனைக்கு ஓணத்தல்லு பார்க்கப் போனோம். இரண்டு தேசத்தார் எதிரெதிரே நின்று வெறுங்கையால் அடித்துக்கொள்வார்கள். உள்ளங்கையால்தான் அடிக்கலாம், குத்தக் கூடாது, உதைக்கக் கூடாது. முதுகில் விழும் அறை தெருமுனை வரை கேட்கும். டிக்கெட் இல்லை, பெல்ட் இல்லை. பெரியப்பாவைக் காரிலேயே உட்கார வைத்து ஜன்னல் வழியாகக் காட்டினோம்.

திரும்பும் வழியில் அக்காள் மகன் கேட்டான்: "தாத்தா, அந்தக் கிங்காங் கடைசில என்ன ஆனார்?"

"கார் விபத்துல அடிபட்டு, சிங்கப்பூர்லயே போயிட்டார். 1970. எங்கப்பா கடுதாசி எழுதியிருந்தாரு" என்றார் பெரியப்பா. பிறகு, "தாராசிங்கப் பத்தி அவ்வளவு எழுதினவரு, இவருக்கு ரெண்டே வரி எழுதினாரு" என்றார்.