பதிவேட்டைக் காக்கும் நாடு

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை காலையில் ‘கூகுள் டொட் எல்கே’ என்று அடித்தவர்களில் பலருக்குக் கூகுள் வரவில்லை. யாரோ எழுதிய ஒரு பக்கம் வந்து நின்றது. ஊடகச் சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் படும் பாடு என்று நாட்டின் குறைகள் அதில் வரிசையாக இருந்தன. தேயிலைத் தொழிலின் பிரச்சினையும் இருந்தது. அதற்கு முதல் நாள்தான் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்திருந்தது. துரைமார் காதில் ஏறாத விஷயம் கூகுள் வாசலில் ஏறிவிட்டதே என்று எங்கள் பக்கம் சிலர் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூகுளை யாரும் உடைக்கவில்லை. ‘டொட் எல்கே’ என்று முடியும் பெயர்களுக்கெல்லாம் நாட்டில் ஒரே பதிவேடுதான். எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் அதை வைத்திருக்கிறது. ஒரு பெயரைத் தேடி வருகிறவரை எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த எழுத்தைத்தான் மாற்றியிருந்தார்கள். சில மணி நேரத்தில் சரிசெய்தும் விட்டார்கள். ஆனாலும் ஏட்டில் ஒரு வரி மாறினால் என்ன ஆகும் என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது.

எங்களுக்கு அது பழைய சேதி. காவத்தை டவுனில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, விண்ணப்பம் நிரப்புவது, ஒன்லைன் பதிவு என்று பிழைப்பு ஓடுகிறது. தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் பலர் பெயர்க் கோளாறோடுதான் வருவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு பெயர். காலமெல்லாம் பால் வெட்டிய அம்மா ஈ.பி.எஃப். காசுக்காக அலைவார். “நான்தானே தம்பி அது, என்னையப் பாத்தா தெரியலையா?” என்பார். பார்த்தால் எனக்குத் தெரியும். ஏட்டுக்குக் கண் இல்லையே.

அதனால்தான் எஸ்தோனியாவைப் பற்றிப் படித்தபோது என்னால் லேசில் விட முடியவில்லை. பால்டிக் கடலோரத்து நாடு. சனத்தொகை சுமார் 13 லட்சம். எங்கள் இரத்தினபுரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 1939இல் போர் மூண்டபோது நடுநிலை என்று சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே சோவியத் படை உள்ளே வந்து நாட்டை விழுங்கியது. நடுவில் ஜெர்மன்காரர்கள் வந்து போனார்கள். மறுபடி சுதந்திரம் கிடைத்தது 1991 ஆகஸ்டில். 1976இல் அணிசேரா மாநாட்டைக் கொழும்பில் கூட்டிய நாடு நாம். சுற்றிலும் கடல் இருப்பதால் அப்படி நிற்க முடிகிறது. அவர்களுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு நார்வா ஆறும் ஒரு ஏரியும்தான். ஆகவே 2004இல் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்துகொண்டார்கள். ஓர் உறுப்பு நாட்டின் மீது விழும் ஆயுதத் தாக்குதல் எல்லார் மீதும் விழுந்ததாகவே கொள்ளப்படும் என்பது நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு.

அந்தப் பிரிவு எட்டாத இடத்தில் அடி விழுந்தது 2007இல். தலைநகர் தாலின் நடுவே நின்ற சோவியத் போர்வீரர் வெண்கலச் சிலையை ஏப்ரல் கடைசியில் இராணுவ மயானத்துக்கு மாற்றினார்கள். ரஷ்ய மொழி பேசும் மக்கள் கொதித்தார்கள், தெருவில் கலவரம். கூடவே வங்கி, பத்திரிகை, அரச அலுவலகம் என்று இணையத்தளங்கள் ஒவ்வொன்றாக முடங்கின. சம்பள நாளில் ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேர் ஒபிஸ் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றால் வேலை செய்தவன் எப்படிக் காசு வாங்குவான்? அந்த மாதிரித்தான். உலகெங்கும் களவாகக் கைப்பற்றிய கணினிகளிலிருந்து போலிக் கோரிக்கைகளைக் கொட்டினார்கள். மூன்று வாரம் நீடித்தது. ரஷ்ய அரசு தனக்குச் சம்பந்தமில்லை என்றது. அதற்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்: தாலினில் படித்த ரஷ்ய இன மாணவர், 17,500 குரூன் அபராதம்.

அழுதுகொண்டு உட்காரவில்லை அவர்கள். 2008இல் தேசிய இணையப் பாதுகாப்புத் திட்டம் வகுத்தார்கள். அதே வருஷம் நேட்டோவோடு இணைந்த இணையப் பாதுகாப்பு ஆய்வு மையம் தாலினில் அமைந்தது. வங்கியிலும் தொலைபேசிக் கம்பனியிலும் வேலை செய்யும் பொறியியலாளர்கள் தொண்டர் படையில் ஒரு தனிப் பிரிவாகச் சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் நார்வா நகரத்திலிருந்து ஒரு சோவியத் டாங்கிச் சின்னத்தை அகற்றியபோது, 2007க்குப் பிறகு அதுவரை வந்ததில் மிகப் பெரிய தாக்குதல் வந்தது. பெரும்பாலான மக்களுக்கு அது தெரியவே இல்லை.

நான் மெச்சுவது அவர்கள் பதிவேடு வைக்கும் முறையை. எல்லாத் தகவலையும் ஒரே கிடங்கில் குவிப்பதில்லை. காணிப் பதிவு காணி அலுவலகத்தில், வைத்தியப் பதிவு வைத்தியத் துறையில். ஒன்று மற்றதிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் 2001இலிருந்து இயங்கும் ‘எக்ஸ்-ரோட்’ என்ற காவலுள்ள இணைப்பு வழியாகத்தான் கேட்கலாம். கேட்டதற்குத் தடயம் விழும். தன் விபரத்தை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்று குடிமகன் வீட்டிலிருந்தே பார்க்கலாம். காரணமில்லாமல் பார்த்தவர் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே ஒன்று. 2017இல் லக்சம்பர்க்கோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, சனத்தொகைப் பதிவு, காணிப் பதிவு, ஓய்வூதியப் பதிவு போன்றவற்றின் பிரதிகளை அங்கே வைத்தார்கள். அந்தக் கணினி அறைக்குத் தூதரகத்துக்குரிய பாதுகாப்பு உண்டு. ‘தரவுத் தூதரகம்’ என்கிறார்கள். நாளைக்கு மண் பறிபோனாலும் யார் குடிமகன், எது யாருடைய காணி என்ற எழுத்து அழியாது. ஐம்பது வருஷம் நாட்டை இழந்திருந்தவர்களுக்கு வரக்கூடிய யோசனை.

எங்களுக்கும் வந்திருக்க வேண்டிய யோசனைதான். 1981 ஆகஸ்டில் இனக்கலவரத்தில் காவத்தை, இறக்குவானைப் பக்கம் லயங்கள் எரிந்தன; அதற்கு முன்னே 1977இல், பின்னே 1983இல். உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களின் ட்ரங்குப் பெட்டியோடு பிறப்புப் பத்திரமும் பிரஜாவுரிமைப் பத்திரமும் சாம்பலாயின. வேறு இடத்தில் பிரதி இருந்தவர் தப்பினார். இதை அறிந்த நாட்டில்தான் 2023 ஆகஸ்டில் அரச மேகக் கணினியில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மென்பொருள் காலாவதியானது; பிரதியும் அதே தொடுப்பில் இருந்ததால் அதுவும் பூட்டுப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயே போய்விட்டன.

எஸ்தோனியாவைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும்தான் 1992இல் தானாகப் பிரஜாவுரிமை கிடைத்தது. சோவியத் காலத்தில் குடியேறியவர்களும் அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் மொழிப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அன்றைக்கு மூன்றில் ஒருவர் அளவுக்கு நாடற்றவர். கையில் சாம்பல் நிறக் கடவுச்சீட்டு. இன்னும் பல்லாயிரம் பேர் அப்படியே இருக்கிறார்கள்.

இந்தக் கதையை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததற்கு எழுத்து கேட்டது. எங்கள் தாத்தாவின் அப்பா இதே மலையில் பிறந்தவர்தான், எழுத்துதான் இல்லை. ஏழு லட்சம் பேர் வரை நாடற்றவர்கள் ஆனார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் எங்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகத் தலையெண்ணிப் பிரித்தது. கடைசி மிச்சத்துக்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். வெளிப்பகை எப்படிப் போனாலும், உள்ளே இருக்கிறவனை ஏட்டிலிருந்து விலக்கிய நாடு தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கோபத்தை வளர்க்கிறது. சிலை மாற்றிய இரவில் தாலின் தெருக்களில் வெடித்ததில் அதுவும் ஒரு பங்கு.

இப்போது இந்திய நிதியுதவியோடு நமக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை தயாராகிறது. விரல் ரேகை, கண், முகம் எல்லாம் அதில் ஏறும். தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. சந்தோஷம். பதிய வருகிறவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு விரலை நீட்டுங்கள். என் பெயரைத் தமிழில் யார் எழுதிச் சரிபார்க்கிறார்கள்? பிழை இருந்தால் எத்தனை நாளில், எங்கே திருத்தலாம்? என் விபரத்தை யார் பார்த்தார்கள் என்று நான் பார்க்க வழி உண்டா? இதன் பிரதி எங்கே இருக்கிறது? இவற்றைக் கேட்கக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. பெயர்க் கோளாறோடு ஒரு தரம் அலைந்திருந்தால் போதும்.