நான்கு வினாடி, ஒரு கடல் மைல்

55 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கைக்கடிகாரம்! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படையில் வழி கணிப்பவர்கள் கட்டியிருந்தது அது. நீண்ட தோல் வாரால், கனத்த மேல்சட்டையின் கைக்கு மேலேயே கட்டிக்கொள்வார்கள். கையுறை போட்ட விரலுக்கும் பிடி கிடைக்கும்படி அதன் திருகு பெரிதாக இருக்கும்.

இரவில், கடலுக்கு மேலே, அடையாளம் காட்ட எதுவும் இல்லை. செக்ஸ்டன்ட் கருவியால் ஒரு நட்சத்திரத்தின் உயரத்தை அளப்பார்கள். அளந்த அந்த நொடி மணி என்ன என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் இருக்கும் இடம் தெரியும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது அல்லவா? நேரம் 4 வினாடி பிசகினால், நிலநடுக்கோட்டில் கணக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தள்ளிப்போகும்.

அதற்குத்தான் அந்த அருமையான ஏற்பாடு: திருகை இழுத்தால் வினாடி முள் நின்றுவிடும். முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தி வைத்து, நேரக் குறிப்பு ஒலிக்கும் கணத்தில் திருகை அழுத்துவார்கள். லாங்கே, லாகோ, ஸ்டோவா, வெம்பே ஆகிய ஜெர்மானிய நிறுவனங்களோடு சுவிட்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி.யும் இவற்றைச் செய்தது. இருட்டிலும் மணி தெரிய, முட்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள்.